ராணுவ ஊன ஓய்வூதியம் அரசுச் சம்பளம் போல ஏறுமா?

ராணுவத்தில் ஊனமாகித் திரும்பிய மாமாவின் ஓய்வூதியம் சேலத்து விலைவாசிக்கு ஈடுகொடுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்குத்தான்.

100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணிக்காலத்துக்கான சேவை ஓய்வூதியம் இதற்கு மேல் தனி. சம்பளம் 40,000 என்றால் 12,000 ரூபாய். ஊனம் 50 சதவீதமாகக் கணக்கிடப்பட்டால் 6,000. ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலை நிவாரணம், மத்திய அரசு ஊழியருக்கு உள்ள அதே விகிதத்தில் சேரும். அதைக் கணக்கிடும் தொழிலாளர் விலைக் குறியீட்டில் சேலமும் ஒரு மையம் (நம்ம ஊர்ப் பருப்பு விலைக்கும் துளி மரியாதை!).

இடிப்பது வேறிடத்தில். வேலையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு, வீட்டு வாடகைப்படி எல்லாம் உண்டு. மாமாவுக்கு இரண்டும் கிடையாது. அஸ்தம்பட்டியில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் கைக்காசுதான்.

அப்புறம், போர்க்காயத்தால் விடுவிக்கப்பட்டவர் என்றால் 30 அல்ல, 100 சதவீதம். பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) எந்த வகை என்று முதலில் பாருங்கள்.