காலண்டரில் பேர் போடுங்கள்: எடை குறைப்பு கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உயரம் இல்லை, வயது இல்லை, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்பதும் இல்லை. போன முறையும் எழுதினேன், அதற்கு முந்திய முறையும் எழுதினேன்: வயது, உயரம், எடை, மருந்து. நான்கையும் எழுதிவிட்டு அப்புறம் கேள்விக்கு வாருங்கள். குறி பார்த்துச் சொல்ல நான் கோடாங்கி இல்லை.

கேள்வி: ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நடக்கத் தொடங்குகிறேன். மூன்று கிழமைக்குள் மனசு விட்டுப் போகிறது. ஆர்வம் குறையாமல் இருக்க என்ன செய்யலாம்? வயது 38, ஐந்தடி, 69 கிலோ, மருந்து இல்லை.
– வாசகி, தலவாக்கலை

பதில்: நான்கையும் எழுதியதற்கு முதலில் நன்றி.

உங்கள் அம்மாவோ பாட்டியோ கொழுந்து எடுத்தவராக இருந்தால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஜூலை மழையில் கம்பளியைத் தலையில் போட்டு, படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போன காலைகளில் எத்தனை நாள் ஆர்வத்தோடு போனார் என்று. சிரிப்பார். பிரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, நேரமாச்சு, போனார். செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவேட்டில், அன்றைய பேர் விழுந்தது, அவ்வளவுதான். நடையையும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே கோயில் வரை போய் வாருங்கள். வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் சட்டி பானை கூப்பிடும், அன்றைய நடை அதோடு சரி.

அடுப்படிக் காலண்டரில் பேர் போடுங்கள். 30 நிமிடம் நடந்தால் முழுப் பேர், 15 என்றால் அரைப் பேர். கிழமைக்கு ஐந்து பேர் விழுந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் அந்த அளவுதான். மழை, விருந்தாள், மாதவிலக்கு என்று வரும் நாட்களில் அரைப் பேரோடு விடுங்கள். பேரே இல்லாமல் விடாதீர்கள்.

மூன்று கிழமையில் விட்டுப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பி 22ஆம் நாள் கால் தானாக நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடுவாக வந்த கணக்கு 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒருநாள் தவறியவர்களுக்குப் பெரிய நட்டம் ஏதும் வரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஒருநாள் தவறியதும் ‘எல்லாம் போச்சு, இனி அடுத்த தைக்குப் பார்ப்போம்’ என்பது நாமாகச் செய்துகொள்ளும் வேலை. எடையில் முதல் குறி மூன்றரைக் கிலோ குறைப்பது. அதைத் தாண்டிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஹட்டன் பஸ் நிலையத்து மெஷினில் திங்கள் 81, வியாழன் 83, சனி 80. எதை நம்புவது?
– கடைக்காரர், வயது 45

பதில்: மூன்றையும் நம்ப வேண்டாம். ஜேர்க்கின், சப்பாத்து, பொக்கெட்டில் சில்லறை, பகல் சோறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மெஷின் சொல்கிறது. ஒரே தராசு, கிழமையில் ஒரே நாள், காலையில் தேத்தண்ணிக்கு முன்னால். அதைவிட அளவுநாடா நல்லது. வயிற்றை எக்காமல், மூச்சை வெளியே விட்டு, இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் ஆட்களில் ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் கவனம் வேண்டும். உங்கள் உயரம் எங்கே?

கேள்வி: மூன்று கிழமையில் எனக்குக் கல்யாணம். 10 கிலோ குறைய வேண்டும். வழி சொல்லுங்கள்.
– வாசகர், கொட்டகலை

பதில்: தையற்காரருக்கு எழுதிய கடிதம் தவறி எனக்கு வந்திருக்கிறது. கிழமைக்கு அரைக் கிலோ என்றால் 10 கிலோவுக்கு 20 கிழமை. கல்யாண வாழ்த்துகள்.

கேள்வி: நான் சீனியே பாவிப்பதில்லை. ரொட்டியும் காலையில் ஒன்றுதான். இருந்தும் எடை ஏறுகிறது. நல்ல மாத்திரை ஒன்று சொல்லவும்.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வயது இல்லை, உயரம் இல்லை. ஆனால் கடிதத்தின் பின்பக்கத்தில், பேனா மாற்றி எழுதிய ஒரு வரி இருக்கிறது: ‘தேத்தண்ணிக்குக் கருப்பட்டி மட்டும் கடித்துக்கொள்வேன், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம்.’

அண்ணே, கருப்பட்டி என்றால் என்னவென்று நினைத்தீர்கள்? கித்துள் மரத்தில் இறக்கிக் காய்ச்சியது என்பதால் உடம்புக்கு அது வேறு கணக்கு இல்லை. கிராமுக்குக் கிராம் சீனிக்கு ஏறக்குறையச் சமம். பெருவிரல் அளவுத் துண்டு 15 கிராம் வரும். ஏழு துண்டு 100 கிராம், 400 கலோரிக்குக் கிட்ட. அது ஒரு வேளைச் சாப்பாடு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சீனி இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் அதைப் பத்து மணித் தேத்தண்ணிக்குள் முடித்துவிடுகிறீர்கள்.

இந்தத் தேத்தண்ணிச் சீனியைப் பற்றி எழுதி எழுதி என் பேனா தேய்ந்ததுதான் மிச்சம். ஒருமுறை கிளினிக்குக்கு வந்த அக்கா ஒருவரும் ‘கொஞ்சமாத்தான் போடுவேன்’ என்றார். வெறும் கிளாஸ் ஒன்றையும் சீனி டின்னையும் கொடுத்து, ஒரு நாளைக்குப் போடுவது அத்தனையையும் இதில் போடுங்கள் என்றேன். முதல் கரண்டியை விரலால் வழித்து மட்டமாக்கினார். ‘வீட்டில் போடுகிற மாதிரி’ என்றேன். அதற்குப் பிறகு கரண்டி டின்னுக்குள் ஆழமாகப் போய் குவிந்து வந்தது. தரத்துக்கு இரண்டு, ஏழு தரம். தேத்தண்ணிக் கிளாசில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது, 90 கிராம் இருக்கும். ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மணி கீழே சிந்தாமல் திருப்பி டின்னுக்குள் கொட்டினார். சீனி விற்கிற விலை அப்படி.

அவர் அடுத்த நாளே நிறுத்தவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை தரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தார். நாக்கு ஏமாறுவதற்கு அந்த இடைவெளி போதும். ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் பத்தாம் நாள் மூன்று கரண்டியோடு திரும்பி வருவதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். இரண்டு மாதத்தில் அவர் வெறும் சாயத்துக்கு, அதாவது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணிக்கு, வந்தார். வெறும் சாயத்தில் கலோரி கிட்டத்தட்ட பூச்சியம்.

2016இலிருந்து நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று வட்டம் போட்டிருக்கிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிள்ளை கையில் சிவப்பு வட்டப் போத்தலைக் கண்டால் பறித்து வைக்கிறோம். மூன்று கரண்டி குவித்துப் போட்ட நம் வீட்டுத் தேத்தண்ணிக்கு வட்டம் போட்டால் அதுவும் சிவப்புத்தான். பல் முளைக்காத பிள்ளைக்குப் போத்தலில் சாயத்தண்ணி கொடுக்கும் அம்மாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நுவரெலியாத் தேயிலை கொழும்பு ஏலத்தில் மணத்துக்காக விலை போகிறது. கடல் கடந்து வாங்குகிறவன் மோந்து பார்த்துக் குடிக்கிறான். அதைப் பறிக்கிற, அரைக்கிற, பக்கத்திலேயே குடியிருக்கிற நாம் பாகு காய்ச்சிக் குடிக்கிறோம். இதை எந்தக் கோயில் மேடையில் ஏறிச் சொல்வது?

மாத்திரை ஒன்றும் வேண்டாம். உயரத்தை அனுப்புங்கள்.

கேள்வி: அம்மாவுக்காக எழுதுகிறேன். வயது 46, நாலடி பதினொரு அங்குலம், 66 கிலோ, பிரஷர் மாத்திரை குடிக்கிறார். நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறார். ஆனாலும் வயிறு போடுகிறது. இதற்கு மேலும் நடக்க வேண்டுமா?
– மகள், பொகவந்தலாவை

பதில்: வேண்டாம் மகள். முதுகில் கொழுந்தோடு அந்தச் சரிவில் நிற்பவரை நடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குத் தேவை இராத் தூக்கமும் வேறு மாதிரித் தட்டும்.

காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் அதே ரொட்டி, இரவில் பசியெல்லாம் சேர்த்துக் குவித்த சோறு. அம்மாவின் நாள் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 100 கிராம் மாவில் தேங்காய் போட்டுச் சுட்ட ரொட்டி ஒன்று 400 கலோரியைத் தாண்டும், கட்டச் சம்பல் சேராமல். மாவில் பாதிக்குக் குரக்கன் மா போட்டு, கரட்டும் வல்லாரையும் நறுக்கிப் பிசையுங்கள். பகலுக்கு அவித்த கடலையோ பயறோ ஒரு கிண்ணம், அல்லது முட்டை ஒன்று கொடுத்துவிடுங்கள். பகலில் வயிறு நிறைந்தால் இரவுச் சோறு தானாகக் குறையும். நம் தோட்டத்து மண்ணில் விளைந்த லீக்ஸும் போஞ்சியும் லொறி ஏறிக் கீழே போக, நம் தட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பிரட்டல். இது எனக்கு இன்றுவரை விளங்காத கணக்கு.

பிரஷர் இருப்பதால் கருவாடும் உப்பும் கவனம். ஒருவருக்கு நாளுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புத்தான், அது எல்லாம் சேர்த்து. எடையைப் பார்ப்பதற்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்; நம் பக்கத்துப் பெண்களுக்கு இரத்தச்சோகை அதிகம், களைப்பில் சாப்பாடு கூடுவதும் உண்டு. சாப்பாட்டோடு சாயம் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் காசில்லாமல் எடை, இடுப்பு, பிரஷர், சீனி பார்ப்பார்கள். ஒருநாள் பேர் போனாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: போனில் விளம்பரம் பார்த்து உடம்பு மெலியும் மூலிகைத் தூள் வாங்கினேன். நான்கு நாளில் இரண்டு கிலோ குறைந்தது. தொடரலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். நான்கு நாளில் எத்தனை முறை கழிப்பறைக்கு ஓடினீர்கள் என்று எழுதவில்லையே. இந்த மாதிரித் தூள்கள் பலவற்றில் நிலாவரை போன்ற பேதி மருந்துதான் இருக்கும். போனது தண்ணீர், சோறு சாப்பிட்டதும் திரும்பி வரும். சில தூள்களில் சிபுட்ரமின் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. நெஞ்சு படபடத்தால் அந்தப் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் மழை, பனி, அட்டை. எங்கே நடப்பது?
– வாசகர்

பதில்: வீட்டுக்குள். பத்து நிமிடம் மூன்று தரம், நின்ற இடத்தில் கால் தூக்கி மிதித்தாலும் பேர் விழும். வாசற்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். அட்டையைச் சாட்டாகச் சொல்லும் கடிதம் வருடா வருடம் வருகிறது. அட்டை கடித்து எடை கூடியவரை நான் இன்னும் காணவில்லை.

கேள்வி: ஆறு கிலோ குறைத்துவிட்டேன். மாமியாரும் லயத்து ஆட்களும் ‘சீக்கு வந்தவ மாதிரி ஆயிட்டே’ என்கிறார்கள். மனசு சோர்ந்து போகிறது. வயது 33, ஐந்தடி ஒரு அங்குலம், இப்போது 62, மருந்து இல்லை.
– வாசகி, அப்புத்தளை

பதில்: பட்டினியைப் பார்த்த சனத்துக்குச் சதைதான் செழிப்பு. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். ‘டொக்டர் சொல்லித்தான் குறைக்கிறேன்’ என்று ஒரே பதிலை எல்லாருக்கும் சொல்லுங்கள். அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு. உங்கள் உயரத்துக்கு இன்னும் ஆறு கிலோ போனாலும் சீக்கு இல்லை. மாமியாருக்கு இடுப்பளவு எடுத்துவிடுங்கள், அவரும் நடக்க வரலாம்.

கேள்வி: நீரிழிவுக்கு மாத்திரை குடிக்கிறேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தால் எடையும் குறையும் அல்லவா?
– வாசகர், பதுளை

பதில்: எந்த மாத்திரை? கிளிக்ளசைட் போன்றதென்றால் வெறும் வயிற்றில் சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழுவீர்கள். விரதத்துக்கு இரண்டு கிழமை முன்பே கிளினிக்கில் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: என் எடை 74. நான் குண்டா?
– பெயரும் ஊரும் இல்லை

பதில்: ஐந்தடி இரண்டு அங்குலம் என்றால் ஆம். ஆறடி என்றால் இல்லை. உயரத்தை எழுதுங்கள்.