குமரி மாவட்டத்தில் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன். ஜெனடிக்ஸ் படிக்காமல் புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

முடியும். நானே போனவள்தான். ஊர் மார்த்தாண்டம் பக்கம், படித்தது பயோகெமிஸ்ட்ரி, இப்போது பி53 மரபணுவில் பி.எச்டி. "ஜெனடிக்ஸ் படிக்காதவங்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

நம் பக்கத்தில் எம்.எஸ்சி. புராஜெக்ட் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏதோ ஒரு இலையைப் பறித்து, நிழலில் காயவைத்து, மிக்சியில் பொடித்து, மெத்தனாலில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றை ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கிற கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்கள்) மேல் விட்டு எம்.டி.டி. டெஸ்ட் பார்ப்பது. உயிரோடிருக்கும் செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா குறைந்ததா? "புற்றுநோய் எதிர்ப்புத் தன்மை உண்டு" என்று எழுதி பைண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம். நான் செய்ததும் அதுதான். மூலிகையைக் குறை சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தே நம் முற்றத்தில் நிற்கிற நித்தியகல்யாணியில் இருந்து வந்ததுதான். ஆனால் எந்த மூலக்கூறு, செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்று யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். வெறுமனே செல் சாகவேண்டும் என்றால் டெட்டாலை ஊற்றினாலும் சாகும்.

என் செல்கள் ஏன் செத்தன என்று தேடப்போய்த்தான் பி53-க்கு வந்து சேர்ந்தேன். 1979-ல் கண்டுபிடிக்கப்பட்ட புரதம். டி.என்.ஏ. சேதமானால் செல் பிரிவதை நிறுத்தும், சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகவைக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதை உருவாக்கும் மரபணு பழுதாகியிருக்கும். ஹீலாவிலோ அந்த மரபணுவில் ஒரு பழுதும் இல்லை! கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. 18 வைரஸின் ஈ6 புரதம், பி53 மேல் யுபிக்விட்டின் என்ற 'அழித்துவிடு' அடையாளத்தை ஒட்டவைத்து, புரதங்களை உடைக்கிற புரோட்டியசோமுக்கு அனுப்பி அழித்துவிடுகிறது. டி.என்.ஏ. வரிசையை மட்டும் படித்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். புரதத்தைத் தேடும்போதுதான் ஆளைக் காணோம் என்று புரியும். அது நம் பயோகெமிஸ்ட்ரி ஆட்களின் வேலைதானே?

பி.எச்டி. நேர்காணலில் ஒரு பேராசிரியர் அதே கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டார். இந்த ஹீலா கதையைத்தான் சொன்னேன். "சரி, வெஸ்டர்ன் பிளாட்டில் பி53-க்கு கண்ட்ரோல் என்ன வைப்பாய்?" என்றார். அதாவது, புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையில் ஒப்பிட எந்தச் செல்லை வைப்பாய் என்று. எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல் என்றேன், அதில் பி53 மாறாமல் இருக்கிறது. அப்புறம் ஜெனடிக்ஸ் பேச்சே வரவில்லை.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் லைஃப் சயின்சஸ் எழுதுங்கள். டி.பி.டி. (மத்திய பயோடெக்னாலஜி துறை) நடத்தும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை) தேர்வையும் விடாதீர்கள். நெட்டில் ஜெனடிக்ஸ் வரும், அதைத் தனியாக உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். 2023 முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கிறது, வீட்டிலிருந்து தூரமும் இல்லை.

ஒன்றுக்கு மட்டும் தயாராகிக்கொள்ளுங்கள். சேர்ந்த அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நீங்கள் கேன்சர் டாக்டர். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் யாரோ ஒருவரின் பயாப்சி ரிப்போர்ட் வரும், பாதி வெட்டுப்பட்டு, மங்கலாக. "மாமா, இதை நான் பார்த்துச் சொல்லக் கூடாது, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க" என்றால் கோபம் வேறு.

"பின்ன நீ அங்க என்னத்ததான் பிள்ளே படிக்குத?"