மாடி பிறகு வரலாம், அஸ்திவாரம் இப்போதே

கேள்வி: எங்கள் பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்திருக்கிறது. புது அலுவலகம் கட்டப் போகிறோம். வரைபடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு கவுன்சிலர்

பதில்: முதலில் மக்கள் வந்து நிற்கும் இடம். வரி, பிறப்பு - இறப்புச் சான்று, குடிநீர் இணைப்பு கவுன்டர்கள் தரைத்தளத்திலேயே இருக்கட்டும். மன்றக் கூடம் மாடிக்குப் போகலாம், லிஃப்ட் அவசியம்.

சாய்தளத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். சரிவு 1:12 என்றால், 60 செ.மீ. உயரம் ஏற 7.2 மீட்டர் நீளம் வேண்டும். படிக்கட்டுக்குப் போக மிஞ்சிய மூன்று மீட்டரில் போட்டால் சக்கர நாற்காலி ஏறாது, தள்ளுகிறவரும் சறுக்குவார். கைப்பிடி இருபுறமும் வையுங்கள்.

பதிவேட்டு அறையும் கீழேயே இருப்பது நல்லது. சாதாரண அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ சுமைக்கு வடிவமைப்பார்கள். கோப்பு அடுக்கும் அறைக்கு 500 கிலோ கணக்கிட வேண்டும். கழிப்பறைச் சுவரை ஒட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். கசிவு, பழைய பிறப்புப் பதிவேடுகளை அரித்துவிடும்.

ஊர் வளர்வதால், கூடுதல் மாடிக்கும் சேர்த்து அஸ்திவாரம் போடுங்கள். தூண்களுக்கு மேல் நீட்டிவிடும் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி, சிமென்ட் குறைந்த கான்கிரீட்டால் மூடிவையுங்கள். வெறுமனே விட்டால் துருவேறி, பிறகு அந்தக் கம்பியை நம்பித் தூண் எழுப்ப முடியாது.