பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மாற்றும் வேலை இனி வேண்டாம்

வெள்ளவத்தையில் இயங்கும் பழைய மாணவர் சங்கம் ஒன்றின் செயலாளர் கேட்கிறார்: "எங்கள் கடிதங்கள் எல்லாம் லிப்ரே ஒபிஸ் ரைட்டரில்தான். ஒவ்வொரு முறையும் பழைய கடிதம் ஒன்றைத் திறந்து பெயர், திகதி, தொகையை மாற்றி அச்சிடுகிறேன். போன மாதம் ஒரு நன்கொடையாளருக்குப் போன நன்றிக் கடிதத்தின் இரண்டாம் பந்தியில் முந்தியவரின் பெயர் அப்படியே கிடந்தது. சேவ் கொடுத்ததில் முந்தியவரின் கடிதமும் அழிந்துவிட்டது. தலைப்பும் கையொப்ப இடமும் தயாராக இருக்க, உள்ளே மட்டும் எழுத வழி உண்டா? பொருளாளரின் லப்டொப்பிலும் அதே மாதிரி வரவேண்டும்."

வழி உண்டு. அதற்குத்தான் டெம்ப்ளேட். சாதாரணக் கோவையைத் திறந்தால் அந்தக் கோவையே திறக்கும். டெம்ப்ளேட்டைத் திறந்தால் அதன் பெயரில்லாப் பிரதி ஒன்றுதான் திறக்கும். சேவ் கொடுத்தால் புதுப் பெயர் கேட்கும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது தொல்லை அத்தோடு தீர்ந்தது. முதலாவது தொல்லைதான் கொஞ்சம் வேலை வாங்கும்.

உங்களிடம் இருப்பதில் ஒழுங்கான கடிதம் ஒன்றை எடுத்து, ஒரு ஆளுக்கோ ஒரு நாளுக்கோ உரியது எல்லாவற்றையும் அழியுங்கள். பெயர், முகவரி, தொகை, 'எமது இல.', 'தங்கள் இல.' என்பவற்றின் எதிரே உள்ள எண்கள், திகதி எல்லாம் போகட்டும். 'மாதிரிக்கு இருக்கட்டும்' என்று ஒரு பெயரை விட்டுவைத்தால் அதுதான் ஒருநாள் அச்சாகிப் போகும். அழித்த இடங்களில் கொன்ட்ரோல் + எப்2 அழுத்தி, 'பங்ஷன்ஸ்' பகுதியில் 'பிளேஸ்ஹோல்டர்', அதில் 'டெக்ஸ்ட்' என்பதைத் தெரிந்து, 'பெறுநர் பெயர்', 'தொகை' என்று எழுதிச் செருகுங்கள். கடிதம் எழுதும்போது அதில் கிளிக் செய்து தட்டச்சிட்டால் அந்தச் சொல் மறைந்து நீங்கள் எழுதியது வரும். நிரப்ப மறந்த இடம் அச்சில் வெறுமையாகப் போகாமலிருக்க, 'டூல்ஸ்', 'ஒப்ஷன்ஸ்' வழியே ரைட்டரின் 'பிரின்ட்' பக்கத்துக்குப் போய் 'டெக்ஸ்ட் பிளேஸ்ஹோல்டர்ஸ்' என்பதைச் சரியிட்டு வையுங்கள். 'பெறுநர் பெயர்' என்று அப்படியே அச்சாகி வந்தால் கையொப்பமிடும் தலைவராவது கண்டுபிடிப்பார்.

இதைவிடவும் பயன் தரும் யோசனை ஒன்று: பெயர் ஒரே இடத்தில் மட்டும் வரும்படி கடிதத்தையே திருத்தி எழுதுங்கள். விளித்த பிறகு பந்திக்குள் 'தாங்கள் வழங்கிய நன்கொடை' என்றால் போதும்.

திகதியில் ஒரு பொறி இருக்கிறது. 'இன்சர்ட்', 'பீல்ட்' வழியே போனால் மாறும் திகதி, மாறாத் திகதி என்று இரண்டு கிடைக்கும். மாறும் திகதியை டெம்ப்ளேட்டில் வைக்கப் பலருக்கும் ஆசை வரும். ஆனால் மார்ச்சில் அனுப்பிய கடிதத்தின் கோவையை ஓகஸ்டில் திறந்தால் அது ஓகஸ்ட் திகதியைக் காட்டும். சங்கத்தின் பதிவுக்கு அது ஆகாது. டெம்ப்ளேட்டில் வெற்றிடம் விட்டு, கடிதம் எழுதும்போது மாறாத் திகதியைச் செருகுங்கள்.

இனி எழுத்துரு. கொழும்பில் பல சங்கங்களின் கடிதத்தலைப்பு எப்போதோ ஒரு கொம்யூனிகேஷன் கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாகவே இருக்கும். பாமினி இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். டெம்ப்ளேட் செய்வதற்கு முன் அதை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றிவிடுங்கள். ரைட்டர், ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவையும் தமிழ், சிங்களம் போன்ற 'கொம்ப்ளெக்ஸ்' எழுத்துகளுக்கு வேறொன்றையும் வைத்திருக்கும். மொழி அமைப்பில் கொம்ப்ளெக்ஸ் என்ற தெரிவைச் சரியிட்டால்தான் இரண்டாவதை மாற்றும் இடம் தெரியும். எப்11 அழுத்தி, அடிப்படைப் பந்தி ஸ்டைலில் (பந்திகளின் எழுத்துரு, அளவு போன்றவற்றை ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பு) அதை மாற்றுங்கள். ஒவ்வொரு வரியாகத் தெரிந்து எழுத்துரு மாற்றுவது வீண் வேலை.

தலைப்பில் சங்கத்தின் பெயர் மூன்று மொழியிலும் இருந்தால் இன்னொரு சிக்கல்: ஒரு ஸ்டைலுக்கு ஒரே ஒரு கொம்ப்ளெக்ஸ் எழுத்துருதான், தமிழும் சிங்களமும் அதையே பங்குபோட வேண்டும். விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐ இரண்டையும் தாங்கும். நோட்டோ என்றால் தமிழுக்கும் சிங்களத்துக்கும் வேறு வேறு எழுத்துரு. சிங்கள வரிக்குத் தனி ஸ்டைல் வையுங்கள்.

பக்க ஸ்டைலில் ஹெடருக்கு (பக்கத்தின் மேற்பகுதி) உரிய 'முதற்பக்கத்திலும் அதே உள்ளடக்கம்' என்ற தெரிவை எடுத்துவிட்டு, கடிதத்தலைப்பை முதற்பக்கத்தின் ஹெடரில் மட்டும் வைத்தால், இரண்டாம் பக்கத்தில் இலச்சினை மறுபடி வராது. தாள் ஏ4தானா என்றும் அங்கேயே பாருங்கள்.

பிறகு 'பைல்', 'டெம்ப்ளேட்ஸ்', 'சேவ் அஸ் டெம்ப்ளேட்'. பெயர் கொடுங்கள். இயல்பு டெம்ப்ளேட் ஆக்கவா என்று ஒரு பெட்டி இருக்கும், தொடாதீர்கள். தொட்டால் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதத் திறந்தாலும் சங்கத்தின் தலைப்போடுதான் திறக்கும். இனிமேல் கடிதம் எழுத கொன்ட்ரோல் + ஷிப்ட் + என் அழுத்தினால் போதும். டெம்ப்ளேட்டுகள் வரிசையாக வரும். திருத்துவதற்கும் அங்கேயே வலது கிளிக் செய்து 'எடிட்' கொடுங்கள். அதே சாளரத்தில் ஏற்றுமதி, இறக்குமதி உண்டு. பென்ட்ரைவில் எடுத்துப்போய்ப் பொருளாளரின் லப்டொப்பில் இறக்குங்கள், எழுத்துருவும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

பின்னர் டெம்ப்ளேட்டின் ஸ்டைலை மாற்றினால், பழைய கடிதத்தைத் திறக்கும்போது 'ஸ்டைலைப் புதுப்பிக்கவா' என்று ரைட்டர் கேட்கலாம். அனுப்பி முடிந்த கடிதத்துக்கு வேண்டாம் என்றே சொல்லுங்கள். எப்படியும் கடிதத்தின் உள்ளே எழுதியது மாறாது. கையொப்ப இடத்தில் புதுத் தலைவரின் பெயர் பழைய கடிதங்களில் ஏறாது, ஏறவும் கூடாது.

நன்றி, அழைப்பு, நினைவூட்டல் என்று பத்து டெம்ப்ளேட் செய்யத் தோன்றும். நான் செய்யமாட்டேன், தொலைபேசி இலக்கம் மாறினால் பத்தையும் திருத்த வேண்டும். தலைப்புக்கு ஒரே டெம்ப்ளேட். வழக்கமான பந்திகளை ஓட்டோ டெக்ஸ்டில் வையுங்கள்: பந்தியைத் தெரிந்து, கொன்ட்ரோல் + எப்3 அழுத்தி, இரண்டு மூன்று ஆங்கில எழுத்தில் சுருக்கப் பெயர் கொடுங்கள். பிறகு அந்தச் சுருக்கத்தை அடித்து எப்3 அழுத்தினால் முழுப் பந்தியும் வந்து விழும். ஆனால் இது அந்தந்தக் கணினியில்தான் தங்கும், டெம்ப்ளேட்டோடு போகாது. பொருளாளருக்குத் தனியாகச் செய்துகொடுக்க வேண்டும்.

ஒரே அழைப்பை அறுபது பேருக்கு அனுப்புவதென்றால் அது மெயில் மேர்ஜின் வேலை: பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் முகவரியையும் அது தானே கடிதத்தில் நிரப்பும். பெயர்களையும் முகவரிகளையும் இப்போதே லிப்ரே ஒபிஸின் கணக்கு அட்டவணை மென்பொருளான கல்க்கில் அட்டவணை ஒன்றில் சேர்க்கத் தொடங்குங்கள்.