நியூட்ரான் கைடை (நியூட்ரான்களை உட்சுவரில் எதிரொளித்துக் கொண்டுசெல்லும் குழாய்) நீட்டி, கொலிமேட்டரை (இணைத் தகடுகளால் கற்றையின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இறுக்கினால் கற்றையின் தரம் கூடுமா?

கூடலாம், ஆனால் எதைத் தரம் என்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆய்வு மாதிரியின் மேல் விழும் நியூட்ரான்களின் எண்ணிக்கையா, கற்றை விரியும் கோணம் (விரிகோணம்) குறைவதா? இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. கொலிமேட்டர் நியூட்ரான்களைக் குவிப்பதில்லை, கோணம் தவறியவற்றை விழுங்கிவிடும், அவ்வளவுதான். தகடுகளின் இடைவெளி 1 மி.மீ., நீளம் 200 மி.மீ. என்றால் விரிகோணம் சுமார் 0.29 டிகிரி. நீளத்தை இரட்டித்தால் கோணம் பாதியாகும், எண்ணிக்கையும் சரியும்.

கைடில் கணக்கு வேறு. நிக்கல் பூச்சில் முழு எதிரொளிப்புக் கோணம் ஒரு ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குச் சுமார் 0.1 டிகிரி. பல அடுக்குப் பூச்சுள்ள சூப்பர்மிரரின் எம் மதிப்பு (நிக்கலின் கோணத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 3 என்றால் அதுபோல் மூன்று மடங்கு. ஆனால் கோணம் ஏற ஏற எதிரொளிப்புத்திறன் இறங்கும். சிமுலேஷனில் அதை 100 சதவீதம் என்று வைத்துவிட்டால் வரும் விடை வெறும் கனவு.

நியூட்ரான்களின் பாதைகளைத் தற்செயல் எண்களால் கணக்கிடும் மெக்ஸ்டாஸ் போன்ற மாண்டி கார்லோ நிரலில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கைடின் முடிவில் இடத்தையும் கோணத்தையும் சேர்த்துப் பதியும் மானிட்டரை வையுங்கள். அதில் கோடுகோடாக இடைவெளி தெரிந்தால் கற்றை சீராக இல்லை என்று பொருள். மொத்த எண்ணிக்கை இதைக் காட்டவே காட்டாது. அப்புறம், நிரலில் ஈர்ப்பு விசையை இயக்க மறக்காதீர்கள். 4 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான், தடையின்றிப் பறந்தால், 50 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும்.