கடுராய் என்பது நம் அகத்திப்பூதான், தம்பி

பிலிப்பைன்ஸின் பாகியோ நகருக்குப் படிக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, வீட்டுக்காரம்மா வாரம் நான்கு நாள் பூவாகவே சமைத்துப் போடுகிறார், வெந்தபிறகு அதில் சத்து ஏதாவது மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 17 ஆண்டுகளாக இதே நாட்டின் இலோகோஸ் பக்கம் இதே பூக்களைத் தின்றுகொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மிஞ்சும். ஆனால் பூவை நம்பி மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தட்டில் வரும் கடுராய் வேறொன்றுமில்லை, நம் ஊர் அகத்திப்பூ. நடுவில் இருக்கும் காம்பு போன்ற நரம்பைக் கிள்ளி எறிந்தால் கசப்பு பாதி போய்விடும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்து, தக்காளி, வெங்காயம், கரும்புக் காடி சேர்த்துப் பிசறுவார்கள். 100 கிராம் பச்சைப் பூவில் வைட்டமின் சி சுமார் 73 மில்லிகிராம். ஆவியில் வேகவைத்தால் 37. பாதி போனாலும் மோசமில்லை. பூசணிப்பூ கதை வேறு. பச்சையில் 28, வேகவைத்து நீரை வடித்துவிட்டால் 5தான் மிஞ்சும். சூட்டில் அழிந்தது போக, மீதி வடித்த நீரோடு போகிறது. அதனால்தான் தினெங்தெங் என்ற இந்தப் பக்கத்துக் காய்கறிக் குழம்பு எனக்குப் பிடிக்கும்: மற்ற காய்கள் வெந்தபின் கடைசியில் பூவைப் போட்டு இறக்கி, சாற்றையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள். சீசனில் பச்சைப் புழு போல நீளநீளமாக ஒன்று மிதந்தால் பயப்படாதீர்கள். அது அலுகோன் என்னும் மரத்தின் பூ.

வாழைப்பூவுக்கு இங்கே 'வாழையின் இதயம்' என்று பெயர். வந்த புதிதில் நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலும் கள்ளன் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்துவிட்டு, உள்ளே வெளுத்த பகுதியை முட்டைக்கோஸ் நறுக்குவதுபோல் நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, கறுத்த சாற்றைப் பிழிந்து, தேங்காய்ப்பாலில் போட்டுவிட்டார். ஐந்து நிமிட வேலை. நார்ச்சத்துக்கு அதுதான் இந்தப் பூக்களில் முதலிடம். எனக்கென்னவோ கள்ளன் எடுத்துத் துவட்டியதுதான் இன்னமும் ருசி.

நீங்கள் சைவம் என்பதால் முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். அந்தக் குழம்பில் உங்களுக்கு அடிக்கும் வாடை பகோங், அதாவது மீனை உப்பில் ஊறவைத்துப் புளிக்கவைத்தது. இந்த ஊரில் அது இல்லாமல் காய்கறிக் குழம்பே கிடையாது. காய்கறிதானே என்று நினைத்துச் சமைப்பதால் சொல்லவும் மாட்டார்கள். 'வாலாங் பகோங்' என்று கேளுங்கள், பகோங் வேண்டாம் என்பது புரிந்துவிடும். மீன் சாப்பிடுகிறவர்களும் அதில் உப்பு அதிகம் என்பதால் அளவோடு ஊற்றிக்கொள்வது நல்லது.

பூவில் புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுதான். ஆகவே பாசிப்பயறைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் பயற்றுக் குழம்பு, மேலே முருங்கைக்கீரை தூவி. உங்கள் பங்கைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்வதானால் வியாழன் இரவே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னால் பன்றிக்கொழுப்பு வாணலியில் வதங்கிக்கொண்டிருக்கும்.