எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் முட்டுவதும் எரிவதும் ஏன்? யூரின் டெஸ்ட் நார்மல் என்றே வருகிறதே?

கர்ப்பப்பையின் உள்தோலைப் போன்ற திசு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு உண்டு. மாதவிலக்கு ஹார்மோனுக்கு அதுவும் வீங்கும். அதனால் பக்கத்து மூத்திரப்பையும் எரிச்சலாகலாம். கிருமி இல்லாததால் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) ஒன்றும் வராது.

பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனம் தெரியுமல்லவா? பொதுச் சுவரில் பக்கத்து வீட்டார் ஆணி அடித்தால் நம் அலமாரிப் பாத்திரம் கிணுகிணுக்கும். இடுப்புக்குள் கர்ப்பப்பைக்கும் மூத்திரப்பைக்கும் நரம்புகள் அப்படிப் பொதுதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு பஸ் ஏறுவதற்குப் பயந்து நான் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவேன். (கெட்டியான சிறுநீர் இன்னும் எரியும்!) எரிந்த நாளையும் விலக்கு நாளையும் தினசரி காலண்டரில் குறித்து டாக்டரிடம் காட்டிய பிறகுதான் வழி பிறந்தது.

ஸ்கேன் நார்மல் என்றால் நோயே இல்லை என்பார்கள். ஆனால் அந்தத் திசுவின் சின்னத் திட்டுகள் பல நேரம் ஸ்கேனில் தெரியாது.